முணுமுணுப்புக் காலம்

அந்த வருடம் வசந்தம் வந்துவிட்டதை எனக்கு முதலில் சொன்னது ஒரு காய்.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு மறுநாள் காலை. நெற்றிச் சாம்பல் முழுதாகப் போயிருக்கவில்லை. காப்பித் தோட்டத்தின் மேல்வரிசையில் வழக்கம்போல் நடந்துகொண்டிருந்தேன். மிளகுக்கொடி ஏற்றிவிட்ட கல்யாண முருங்கை மரங்கள் இலையை எல்லாம் உதிர்த்துவிட்டுக் கிளை நுனிகளில் சிவந்து கிடந்தன. பூப்பது புதிதல்ல. பறவைகள் போன பிறகும் அவை வருடந்தோறும் பூக்கத்தான் செய்தன. தேன் குடிக்க ஒரு அலகும் வராமல் பூக்கள் தரையில் விழுந்து அழுகின. காய் மட்டும் பிடிக்காது. மகரந்தத்தைப் பூவுக்குப் பூ கொண்டுசெல்ல மைனாவோ கரிச்சானோ வேண்டும்.

ஓடைக்கு மேலே நின்ற மரத்தில், வாடிய பூங்கொத்துக்குக் கீழே, சுண்டுவிரல் நீளத்தில் பச்சையாக ஒரு காய் தொங்கியது. பக்கத்தில் இன்னொன்று.

அணிலாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். அணிலும் தேன் குடிக்கும். ஆனால் போன வருடமும் அதற்கு முந்தைய வருடமும் அணில்கள் இருந்தன, காய் இல்லை.

நான் நின்ற இடத்தைச் சுற்றிப் பறவைகள் பாடிக்கொண்டிருந்தன. குயில் கூவியது. குக்குறுவான் தன் ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தது. தூரத்தில் மரங்கொத்தி தட்டியது. அவற்றில் ஒன்றுகூட உயிருள்ளதல்ல.

இதைப் படிக்கும் இளையவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இறகுக் காய்ச்சல் வந்த வருடம் எங்கள் மலையில் பறவைகள் மரங்களிலிருந்து பழம்போல விழுந்தன. அவற்றைத் தொட்டவர்கள் செத்தார்கள். தொட்டவர்களைத் தொட்டவர்களில் பாதிப் பேர் செத்தார்கள். மிச்சம் இருந்த பறவைகளை அரசாங்கம் வலை வைத்தும் மருந்து வைத்தும் கொன்றது. யாரும் தடுக்கவில்லை. தடுக்க வேண்டும் என்று நினைத்தவர்கள்கூட வீட்டில் ஒரு பிணத்தை வைத்துக்கொண்டு என்ன சொல்வார்கள்?

அதன் பிறகு வந்த வசந்தத்தில் சத்தம் இல்லை. பூ இருந்தது, வெயில் இருந்தது, காப்பி பூத்த வாசனை இருந்தது. சத்தம் மட்டும் இல்லை. விடிந்துவிட்டது என்று நம்ப முடியாமல் ஆட்கள் படுக்கையிலேயே கிடந்தார்கள். சிலர் காலி செய்துகொண்டு கீழே போனார்கள். சிலர் கயிற்றைத் தேடினார்கள். அடுத்த வருடம் பாட்டுப்பெட்டிகள் வந்தன. சோற்று டப்பா அளவுள்ள, பாசி நிறப் பெட்டி. மேலே வெயிலில் மின்சாரம் எடுக்கும் தகடு. மரக்கவட்டில் கட்டிவிட்டால் பொழுதுக்கும் பருவத்துக்கும் தகுந்தபடி அது பாடும்.

நான் அந்த மலையில் கேட்பாளராக இருந்தேன். அதற்கு முன் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தேன். பிள்ளைகள் குறைந்து பள்ளியை மூடியதும் இந்த வேலை கிடைத்தது. உயிருள்ள பறவை ஏதாவது தப்பியிருக்கிறதா என்று கேட்டுச் சொல்வதுதான் வேலை. கண்ணால் தேடுவதில்லை, காதால் தேடுவது. நடக்க வேண்டும். பிறகு சட்டென்று நிற்க வேண்டும். நீங்கள் மரத்தடியில் நின்றால் பெட்டி பாட்டை நிறுத்தாது, உயிருள்ளது நிறுத்தும். உயிர் இருப்பதை அதன் மௌனத்தைக் கொண்டுதான் கண்டுபிடிக்க முடியும்.

இந்த வித்தை என் கணவர் சூசைராஜினுடையது. அவர் காப்பிப் பழத் தோல் உரிக்கும் பல்ப்பர் ஆலையில் மெக்கானிக். ஞாயிறு பூசை முடிந்ததும் சட்டைப்பையில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவியுடன் ஓடைப்பக்கம் போய்விடுவார். வருடக்கணக்கில் அந்த மலையின் குரல்களை எல்லாம் பிடித்து வைத்திருந்தார். அவரிடம் ஒரு கண்டிப்பு உண்டு. கூடு கட்டும் காலத்தில் பதிவைப் பறவைக்குப் போட்டுக் காட்டவே மாட்டார்.

"பொய்யாக் கூப்புடக் கூடாது மதலே," என்பார், என் பெயரைச் சுருக்கி. "எவனோ எடம் புடிக்க வந்துட்டான்னு நெனச்சு அது சண்டைக்கு வரும். கூட்டுல முட்டை ஆறிப்போகும்."

பறவையைக் கண்டுவிட்டால் அவர் பேசமாட்டார். மூன்று சுரத்தில் சீழ்க்கை அடிப்பார்: கீழே ஒன்று, மேலே இரண்டு. முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்ததால் கடைசிச் சுரத்தில் காற்றுக் கசியும். 'வந்து பார்' என்று அர்த்தம். நான் இரண்டு சுரத்தில் பதில் அடிப்பேன். 'வருகிறேன்' என்று அர்த்தம்.

வசந்தத்தை அவர் பூவை வைத்துக் கணிக்கமாட்டார். பருவம் தொடங்குவதற்கு முன் பறவைகள் இலைமறைவில் உட்கார்ந்து, வாயைக்கூடச் சரியாகத் திறக்காமல், தனக்குத்தானே பாடிப் பார்க்கும். அடிமரத்தில் நின்றால்தான் கேட்கும். அதற்கு அவர் வைத்த பெயர் முணுமுணுப்பு. "முணுமுணுப்பு ஆரம்பிச்சாச்சு. இனி பனி போயிரும்," என்று சொல்லிக் கம்பளியை மடித்து வைப்பார்.

பறவைகள் விழுந்த வாரத்தில், யார் சொல்லியும் கேட்காமல், அவர் ஓடைக்குப் போனார். நான் அன்று பள்ளிக்கூடத்தில் இருந்தேன். மறுநாள்தான் அவர் உடலை எடுத்தார்கள். பக்கத்தில் தொப்பியில் தண்ணீரும், அதன் ஓரத்தில் செத்த மைனா ஒன்றும் இருந்தன. "உடனே நெனவு போயிருக்கும்மா. அவருக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது," என்றார் டாக்டர். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு நான் அத்தனை வருடம் நடந்தேன்.

அவருடைய பதிவுகளைப் பெட்டி வைத்த அரசுத் துறையினர் வாங்கிக்கொண்டு போனார்கள். அவைதான் பெட்டிகளில் பாடின.

*

காய் பார்த்த அன்றே இலியாஸ் வந்தான். வத்தலக்குண்டுக்காரன், பெட்டிகளைப் பழுது பார்ப்பது அவன் வேலை. நாற்பதைத் தொட்ட, வயிறு முன்னால் வரும் ஆள்.

"டீச்சர், ஒரு டீ குடுங்க. இந்த ஏத்தத்துல வண்டி என்னய இழுத்துச்சா, நான் வண்டிய இழுத்தேனான்னே தெரியல."

"உன் எடைக்கு நீ இழுக்குறதுதான் வண்டிக்கு மரியாதை."

உள்ளே கட்டிலில் சாய்ந்திருந்த என் மகள் ரீட்டா சிரித்தாள். தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள், ஈஸ்டரை ஒட்டி நாள் குறித்திருந்தார்கள். அவள் சிரிப்பது அபூர்வம் என்பதால் இலியாஸை எனக்குப் பிடிக்கும்.

அவன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் குடிக்காமல் இருந்தான்.

"புதுச் சத்தம் வந்திருக்கு டீச்சர். எல்லாப் பெட்டிக்கும் ஏத்தச் சொல்லிட்டாங்க. பழச அழிச்சிரணும்."

"ஓடைப் பெட்டியுமா?"

அவன் டம்ளரைப் பார்த்தான்.

ஓடைப் பெட்டியைப் பற்றி எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். பதிவுகளைத் துறையில் சுத்தம் செய்தபோது ஒன்றை விட்டுவிட்டார்கள். கரிச்சான் பாடி முடித்த பின், கருவியை நிறுத்த மறந்து, அவர் எனக்கு அடித்த சீழ்க்கை அதில் இருந்தது. நான் பதில் அடிப்பதற்குள் பதிவு முடிந்துவிடும். இலியாஸ் அதைக் கண்டுபிடித்து என்னிடம் சொன்ன நாளில், அழிக்காதே என்று நான் கேட்கவில்லை. அவனாகவே அழிக்காமல் போனான். நான் கேட்பாளர் வேலையில் ஒட்டிக்கொண்டிருந்ததற்கு அந்தப் பெட்டிதான் காரணம்.

"எதுக்குத் திடீர்னு?" என்றேன்.

"காதுக்காக." அவன் குரலைத் தாழ்த்தினான். "பெட்டிக்குள்ள ஒரு காதும் இருக்குன்னு தெரியும்ல? அது பாடுற பட்டியல் அதுக்குத் தெரியும். பட்டியல்ல இருக்குற சத்தம் எங்க இருந்து கேட்டாலும், பக்கத்துப் பெட்டின்னு விட்டுரும். பட்டியல்ல இல்லாதது கேட்டா கீழ ஆபீசுல மணி அடிக்கும். மத்த ஊர்ப் பழைய பதிவுல தும்மல், பேச்சு, நாய் கொலைப்புன்னு என்னென்னமோ கலந்து கெடக்கு. காது கொழம்புதாம்."

"காது எதுக்கு? மனுசங்க தூங்கி எந்திரிக்கத்தான பெட்டி?"

"அப்படித்தான் சொன்னாங்க. எனக்கும் அப்படித்தான் சொன்னாங்க டீச்சர்." டீயை ஒரே மடக்கில் குடித்தான். "தப்பிச்ச பறவை ஒண்ணு எங்கயாச்சும் காட்டுக்குள்ள கெடக்குன்னு வைங்க. வசந்தத்துல அது எடத்துல இன்னொன்னு பாடுனா சும்மா இருக்குமா? சண்டைக்கு வரும். வந்து கத்தும். காது கேக்கும். வலைக்காரங்க வருவாங்க. மனுசன் தூங்குறதெல்லாம் உபரி."

"பொய்யாக் கூப்புடுறீங்க."

"ஆமா," என்றான் அவன்.

அன்று மாலை அவன் ஏணியில் ஏறி ஓடைப் பெட்டியைத் திறந்தான். அழிப்பதற்கு முன் ஒரு முறை போட்டுக் காட்டினான். கரிச்சான் பாடியது. சீழ்க்கை வந்தது: கீழே ஒன்று, மேலே இரண்டு, காற்றுக் கசிவு. பிறகு அவன் எதையோ அழுத்தினான். பெட்டி மறுபடி பாடியபோது கரிச்சான் இன்னும் துல்லியமாகப் பாடியது. அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை.

*

அடுத்த நாள் காலை, அதே ஓடையோரத்தில், எனக்கு முதுகுக்குப் பின்னால் சீழ்க்கை கேட்டது.

கீழே ஒன்று. மேலே இரண்டு. கடைசியில் காற்றுக் கசிந்தது.

நான் திரும்பவில்லை. பேய்ப் பயம் என்று சொல்ல முடியாது. திரும்பினால் அங்கே ஒன்றும் இருக்காது என்பதுதான் பயம். மறுபடியும் கேட்டது. இந்த முறை மேலிருந்து, பெட்டியே இல்லாத, காய் பிடித்திருந்த அந்தக் கல்யாண முருங்கையிலிருந்து. கால்கள் தாமாக நடந்தன. மரத்தடிக்குப் போய் நின்றேன்.

மௌனம்.

சுற்றிலும் பெட்டிகள் பாடிக்கொண்டே இருந்தன. அந்த ஒரு மரம் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. அண்ணாந்து பார்த்தேன். சிவப்புப் பூக்களுக்கு நடுவே கன்னங்கரேலென்று துடுப்புவால் கரிச்சான் ஒன்று உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாலிலிருந்து இரண்டு கம்பிகள் நீண்டு, நுனியில் துடுப்புகள் ஆடின. அலகில் மகரந்தம் மஞ்சளாக ஒட்டியிருந்தது.

நான் அசையாமல் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அது என்னை மன்னித்துவிட்டுப் பாடத் தொடங்கியது. குயில்போலக் கூவியது. குக்குறுவானாகச் சத்தமிட்டது. கொண்டைக்குருவியாகக் குழைந்தது. மரங்கொத்தி தட்டும் ஓசையைக்கூடத் தொண்டையில் செய்தது. எல்லாம் பெட்டிகள் பாடும் அதே வரிசையில், பெட்டிகளின் அதே சுருதியில்.

அது எப்படிப் பிழைத்திருக்கிறது என்று அப்போது புரிந்தது. துடுப்புவால் கரிச்சான் கேட்டதை எல்லாம் திருப்பிப் பாடும் ஜாதி. இத்தனை வருடம் அது பெட்டிகள் நடுவில் பெட்டியைப்போலவே பாடியிருக்கிறது. காதுகள் அதைப் பக்கத்துப் பெட்டி என்று விட்டுவிட்டன.

கடைசியாக அது சீழ்க்கையை அடித்தது. அந்த ஒன்று நேற்றோடு பட்டியலில் இல்லை.

*

வீட்டுக்கு வந்தபோது ரீட்டா வாசலில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"ம்மா, அப்பா விசில் அடிக்குது."

நான் அவளை உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தேன். பார்த்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகத்தில் பயம் போய் வேறொன்று வந்தது.

"ரிப்போர்ட் பண்ணிட்டியா?"

"இல்ல."

"ஏன்?"

நான் அவளுக்குத் தண்ணீர் மொண்டு நீட்டினேன்.

"ஏம்மா, ஏன்? உன் வேலையே அதான?"

"வலைக்காரங்க வந்தா அதோட போகாது ரீட்டா. ஊரையே தனிமைப்படுத்துற முகாமுக்குக் கொண்டு போவாங்க. போன தடவை முகாம்ல பொறந்த பிள்ளைங்க..."

"தெரியும். அதுக்கு நான் என்ன, வாசல்ல எமன உக்கார வெச்சுக்கிட்டுப் பிள்ள பெத்துக்கணுமா? அப்பாவக் கொன்ன ஜென்மம்மா அது!"

"இத்தன வருசம் காய்ச்சல் இல்லாம இருந்திருக்கு. இருந்திருந்தா அதே செத்திருக்கும்."

"உனக்குத் தெரியுமா? டாக்டரா நீ? இல்ல, அது அப்பா மாதிரி விசில் அடிக்குதுன்னு சொல்றியா?" அவள் அழுதாள். "அது அப்பா இல்லம்மா."

"தெரியும்டி."

"தெரியாது உனக்கு. அந்த ஓடைப் பெட்டிகிட்ட நீ போய் நின்னுட்டு வர்ற மூஞ்சிய நான் பாத்திருக்கேன்."

அவள் சொன்னதில் எதுவும் தவறில்லை. சொல்லாவிட்டால் பேரப்பிள்ளைக்கு ஆபத்தாக இருக்கலாம். சொன்னால் கரிச்சான் நிச்சயம் சாகும். முகாமில் பிள்ளையும் சாகலாம். எதை எடுத்து எதோடு நிறுப்பது? அன்று மதியம் எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

நான்கு மணிவாக்கில் இலியாஸ் போனில் அழைத்தான்.

"டீச்சர், ஓடைக் காது மணி அடிச்சிருச்சு. பட்டியல்ல இல்லாத சத்தமாம். நாளைக்குக் காலைல டாக்டரம்மா வலைக்காரங்களோட வர்றாங்க. நீங்க கூட வந்து கேட்டுச் சொல்லணும். பெட்டியா, உசுரான்னு. நீங்க சொல்றதுதான் ரிப்போர்ட்."

*

துறையின் டாக்டரம்மா சமவெளியிலிருந்து வந்தவர். நல்ல மாதிரிதான். ஏற்றத்தில் மூச்சு வாங்கியபடியே என்னிடம், "வயசுக்கு நீங்க நல்லா நடக்குறீங்கம்மா," என்றார். பின்னால் முகமூடி போட்ட வலைக்காரர்கள். ஒருவர் கையில் துப்பாக்கி. கடைசியில் இலியாஸ், யார் முகத்தையும் பார்க்காமல்.

ஓடையோரத்தில் நின்றோம். பெட்டிகள் பாடின. சாதாரணக் காலைதான். வெயில் காப்பிச் செடிகளில் இறங்கிக்கொண்டிருந்தது. கத்தக்கூடாதே, கத்தக்கூடாதே என்று நான் ஜெபமாலை சொல்வதுபோல உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அது அடித்தது. கீழே ஒன்று, மேலே இரண்டு.

டாக்டரம்மா கையை உயர்த்தினார். "இதுதான். காது அனுப்பின சத்தம் இதேதான். இலியாஸ், இது பட்டியல்ல இருக்கா?"

"இல்ல மேடம்."

"அந்தச் செவப்புப் பூ மரத்துல இருந்துதான வந்துச்சு? அங்க பெட்டி இருக்கா?"

"இல்ல மேடம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "நீங்க மரத்தடிக்குப் போய் நில்லுங்கம்மா. நின்னு, சொல்லுங்க."

நான் போனேன். நின்றேன். மரம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. மேலே பார்க்க எனக்குத் துணிவில்லை. துப்பாக்கிக்காரர் பூங்கொத்துகளைக் கண்ணால் துழாவிக்கொண்டிருந்தார். முப்பது வருடம் பிள்ளைகளிடம் பொய் சொல்லாதே என்று சொன்ன வாய். அதைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

அப்போது எங்களுக்குப் பின்னால், பாதையின் கீழ்வளைவிலிருந்து, அதே சீழ்க்கை வந்தது.

ரீட்டா ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, ஒவ்வொரு அடியாக வைத்து ஏறி வந்தாள்.

"என்னங்க, எங்கம்மாவ இன்னும் விடலியா? கஞ்சி ஆறிப்போகுது. ரெண்டு தடவ விசில் அடிச்சிட்டேன், திரும்பிப் பாக்க மாட்டேங்குது."

டாக்டரம்மா அவளையும் வயிற்றையும் பார்த்தார். "இந்த விசில்... நீங்களா?"

"நாந்தாங்க. எங்க வீட்டுல கூப்புடுறது இப்படித்தான். எங்கப்பா பழக்கி விட்டது."

"நேத்துக் காலைலயும்?"

"தெனமும்தான். தொண்டை கட்டக் கத்துனாலும் இதுக்குக் காது கேக்காது. ஊருக்கே கேட்பாளர், வீட்டுக்குச் செவிடு."

வலைக்காரர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "ஆனா மேல மரத்துல இருந்து வந்த மாதிரி இருந்துச்சே."

"மலையில நம்ம சத்தம் நமக்கே எதிர்ல இருந்துதாங்க வரும். பாக்குறீங்களா?" ரீட்டா உதட்டைக் குவித்து மறுபடி அடித்தாள். எதிர்ப்பாறை அதைத் திருப்பி அனுப்பியது. அவள் சீழ்க்கையில் கடைசிச் சுரம் சுத்தமாக இருந்தது, காற்றுக் கசியவில்லை. அதைக் கவனிக்க அங்கே என்னைத் தவிர யாரும் இல்லை. மரமும் அமைதியாக இருந்தது.

டாக்டரம்மா என்னிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. மரத்துல எதாவது கேட்டுச்சா?"

"மரத்துல ஒண்ணும் கேக்கல," என்றேன். அது உண்மைதான்.

அவர் பெருமூச்சு விட்டார். "இலியாஸ், இந்தப் பொண்ணோட விசிலக் காதுக்குப் பழக்கி விட்டுருங்க. இதுக்கெல்லாம் மலை ஏற முடியாது." பிறகு ரீட்டாவிடம், "இந்த நிலைமையில ஏத்தத்துல வரக் கூடாதும்மா, போய்ப் படுங்க," என்றார்.

எல்லோரும் இறங்கிய பின் இலியாஸ் மட்டும் ஏணியை எடுத்துக்கொண்டு வந்தான். பெட்டியை மூடிவிட்டுச் சொன்னான்: "பழைய பதிவுல ஒரு பிரதி என்கிட்ட இருந்துச்சு டீச்சர். அதையே காதுக்குக் குடுத்துட்டேன். இனிமே அந்த விசில் எந்த மரத்துல இருந்து வந்தாலும் அது மனுசக் கணக்குத்தான்." மரத்தை அவன் அண்ணாந்து பார்க்கவே இல்லை.

வீட்டுக்கு இறங்கும்போது ரீட்டா என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

"நேத்து அப்படிப் பேசுனியே?" என்றேன்.

"இன்னைக்கும் அப்படித்தான் பேசுவேன். அத நெனச்சா எனக்கு ஈரக்கொல நடுங்குது."

"அப்புறம் ஏன்?"

"உனக்குப் பொய் வராதும்மா. அங்க நின்னு முழிச்சத பாத்தேன். உண்மையச் சொல்லிட்டு வந்து, பொறவு ஆயுசுக்கும் அந்த மரத்தடியில போய் நிப்ப." கொஞ்சம் நடந்துவிட்டுச் சொன்னாள்: "பிள்ளைய மட்டும் அந்தப் பக்கம் கொண்டு போகாத."

*

பெண் குழந்தை. ஈஸ்டருக்குப் பிந்திய வாரத்தில் பிறந்தாள். காய்ச்சல் ஒன்றும் வரவில்லை. அந்தக் கரிச்சானுக்குக் காய்ச்சல் இருந்ததா, இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்தேதான் விட்டேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது, தெரியாமல்தான் விட்டேன்.

நான் எழுத நினைத்தது இதற்குப் பிறகு நடந்ததைத்தான்.

அடுத்த வருடம், பனி இன்னும் விலகாத தை மாதக் காலையில், ஓடைப்பக்கம் போனேன். கல்யாண முருங்கையில் மொட்டு மட்டும்தான் விட்டிருந்தது. மரத்தில் சாய்ந்து நின்றேன். மேலே எங்கோ மிக மெல்ல ஒரு சத்தம். பெட்டிகளின் காதுகளுக்கு எட்டாத, அடிமரத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கிற சத்தம். முணுமுணுப்பு ஆரம்பித்துவிட்டது.

சந்தோஷமாகத்தான் கேட்டேன். குயில், குக்குறுவான், கொண்டைக்குருவி. பிறகு சீழ்க்கை.

பிறகு மறுபடியும் சீழ்க்கை. அடுத்தது அதைவிட மெதுவாக. அதற்கடுத்ததில் மூன்றாவது சுரம் வெறும் காற்றாக வந்தது. இடையில் ஒரு வறட்டு இருமல். பெட்டிகளில் அந்த இருமல் இல்லை. சீழ்க்கை. இருமல். நீண்ட இடைவெளி. சீழ்க்கை, இப்போது இரண்டு சுரம்தான். இன்னும் நீண்ட இடைவெளி. ஒரு சுரம்.

பிறகு ஓடும் தண்ணீர் மட்டும்.

பறவை பெட்டியிடம் கற்றுக்கொண்டது என்று நான் ஒரு வருடம் நினைத்திருந்தேன். இல்லை. அது அந்த நாளிலேயே அந்த மரத்தில் இருந்திருக்கிறது. எல்லாப் பறவைகளும் விழுந்துகொண்டிருந்த பகலில், கீழே படுத்துக்கிடந்த ஒரு மனிதர் வெகுநேரம், விட்டு விட்டு, யாரையோ கூப்பிட்டதைக் கேட்டிருக்கிறது. ஒவ்வொரு முறைக்கும் பின்னால் அவர் எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்பதுகூட அதன் தொண்டையில் அப்படியே இருந்தது.

உடனே நினைவு போயிருக்கும் என்று சொன்ன டாக்டர் நல்லவர். அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

மேலே அது மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. உரத்த சீழ்க்கை. மெதுவானது. இருமல். என்னால் அந்த இடைவெளியைத் தாங்க முடியவில்லை. உதட்டைக் குவித்தேன். அவர் போன பிறகு நான் சீழ்க்கை அடித்ததே இல்லை; முதலில் காற்றுதான் வந்தது. பிறகு வந்தது. இரண்டு சுரம்.

கரிச்சான் நின்றது. தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. அன்று அது மேற்கொண்டு பாடவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு காலையும் போனேன். ஒவ்வொரு இடைவெளியிலும் பதில் சொன்னேன். அந்த இரண்டு சுரத்தையும் இலியாஸ் காதுக்குப் பழக்கி மனிதக் கணக்கில் சேர்த்துவிட்டான். ரீட்டாவிடம் இதைச் சொன்னதில்லை. மல்லிகைபோலக் காப்பி பூத்து மலை முழுக்க வெளுத்துக் கிடந்த ஒரு காலையில், நான் வீட்டிலிருந்து கிளம்பத் தாமதமானது. குழந்தையோடு வந்திருந்த ரீட்டா பால் கொடுத்துவிட்டு அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். ஓடைப்பக்கமிருந்து சீழ்க்கை கேட்டது. கீழே ஒன்று, மேலே இரண்டு. நான் பதில் சொல்ல வாய் திறப்பதற்குள், அதே மரத்திலிருந்து, என் குரலில், இரண்டு சுரம் வந்தது.

"நீ இங்கதான நிக்கிற?" என்றாள் ரீட்டா.

குழந்தை சத்தம் வந்த பக்கம் தலையைத் திருப்பிச் சிரித்தது.

இருமலும் இடைவெளிகளும் அதன் பிறகு இல்லை. இப்போது அது இரண்டையும் சேர்த்தே பாடுகிறது: அவர் ஒரு முறை கூப்பிடுகிறார், நான் உடனே வருகிறேன் என்கிறேன்.